எடுத்தாச்சுங்களா

சித்தெ நகந்து உக்காருங்க. பையை மேல வெக்க மாட்டேனுங்க, மடியிலயே இருக்கட்டும். நகைநட்டு ஒண்ணுமில்லை, பயப்படாதீங்க. ஒரு மெமரி கார்டு. விரல் நகத்தளவுதான். அதுக்கு ஒரு டப்பா, டப்பாவுக்கு ஒரு கவரு, கவருக்கு இந்தப் பை, பைக்குக் காவல் நானு.

நீங்க கோபிக்குப் போறீங்களா? நான் நம்பியூர்லயே எறங்கிக்குவேன். என்ற மச்சான் ஊடு அங்கதான். மச்சான் இல்லீங்க, காலமாயி ரெண்டு வருசமாச்சு. அவன் சம்சாரம் மட்டும் இருக்கறா. அங்க போயி எங்கூட்டுக்காரி துளசிமணி நாப்பத்தி மூணு நாளா உக்காந்திருக்கறா. கட்டுன புருசனை விட்டுட்டு. எதுக்குன்னு கேளுங்க. கேக்க மாட்டீங்களா? நானே சொல்லிடறேன், இந்த நகத்தளவு கார்டுக்குத்தானுங்க.

என்ற பேரு சென்னியப்பன். யூனியன் ஆபீஸ்ல முப்பத்தோரு வருசம் இருந்துட்டு கண்காணிப்பாளரா ரிட்டயர் ஆனவன். சும்மா கெடக்கறவன் இல்லீங்க. போட்டோ எடுக்கறதுல எனக்கு ஒரு ஞானம். நானாச் சொல்லலை, சொந்தபந்தமே சொல்லும், 'சென்னியப்பன் வந்துட்டான், இனிப் பொழுதுக்கும் போட்டோதான்'னு. விசேஷத்துக்குக் கூப்பிட்ட போட்டோகிராபரு காசுக்கு எடுக்கறவரு, நான் பாசத்துக்கு எடுக்கறவன், வித்தியாசம் இருக்குதுல்லீங்க. எங்க அக்கா பையன் கல்யாணத்துல தாலி கட்டறப்ப ஒரு நிமிசம் நிறுத்தச் சொன்னேன். மாப்பிள்ளை தாலியைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கறான், கெட்டிமேளம் அது பாட்டுக்கு அடிக்கறாங்க, எனக்கு போகஸ் வல்லை. ரெண்டு நிமிசம் ஆச்சு. அதுக்கு அந்த ஐயர் மொறைச்ச மொறைப்பு இருக்குதுங்களே! முகூர்த்தம் போனா அடுத்த மாசம் ஒண்ணு வரும். போட்டோ வருமுங்களா?

அப்படிச் சேத்தது பதினோராயிரத்து இருநூறு. இது அத்தனையும் போச்சுன்னு அந்த அக்கா பையனுக்கு போன் பண்ணிச் சொல்றேன், 'அப்படீங்களா மாமா, பரவால்லீங்க'ங்கறான். பரவால்லீங்களாம்! என்னமோ அவன் காலை நான் மிதிச்சுட்ட மாதிரி.

கதைக்கு வர்றேன். போன் தெனமும் எடமில்லை எடமில்லைன்னே சொல்லிக்கிட்டிருந்துச்சு. 'கொஞ்சம் அழியுங்களேன்'னு துளசிமணி சொல்லுவா. எதைங்க அழிக்கறது? நான் பாத்தேன், அழிக்கறதுன்னா அவ அண்ணன் பேசுனதைத்தான் அழிக்கோணும். சொன்னேன். அன்னைக்குச் சோத்துல உப்பே இல்லை.

அவ அண்ணன், அதான் அந்தக் காலமான மச்சான், பேரு குழந்தைவேலு. போர்வெல் லாரியில ஆபரேட்டர். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர்னு வருசத்துல பத்து மாசம் வடக்கதான். இவ கிட்ட இருக்கறது பட்டன் போனு, அதுல வாட்ஸப் இல்லை. அதனால அவன் பேசிப் பேசி என்ற போனுக்கு அனுப்புவான். மொத்தம் பதினேழு. அவன் காலமானதுக்கப்புறம் இவ தெனமும் மத்தியானம் என்ற போனை வாங்கிட்டுப் போயி அடுப்படியில வெச்சுக் கேப்பா. ஒரு பக்கம் குக்கர் விசிலு, ஒரு பக்கம் செத்தவன் பேச்சு. நடுக்கூடத்துல நான் செய்தி பாக்கறதா வேண்டாமா? ரெண்டு வருசமுங்க. நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. டிவி சத்தத்தைக் கொஞ்சம் ஏத்தி வெச்சுக்குவேன், அவ்வளவுதான்.

எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை கெடையாதுங்க. அது ஒரு காதுகுத்துல விட்டுப்போச்சு. என்ற பேத்திக்குக் காது குத்தறோம். ஒரு காது குத்தியாச்சு. வெளிச்சம் செரியில்லை, கெழக்கால திருப்பி உக்கார வெச்சுட்டு அடுத்த காதைக் குத்துங்கன்னேன். ஆசாரி ஊசியோட நிக்கறாரு. கொழந்தை கத்துது, கொழந்தைன்னா கத்தத்தான் செய்யும். இவன் வந்து என்ற கையைப் புடிச்சுக் கீழ எறக்கி, 'போதும் மாப்ள, கொழந்தையப் பாருங்க'ங்கறான். எரநூறு பேரு முன்னால! போட்டோ எடுக்கற கையைப் புடிக்கலாமுங்களா? அன்னைக்கு விட்டேன் பேச்சை. அவன் சாவற வரைக்கும் பேசலை. எழவுக்குப் போனேன், போவாம இருக்க முடியாது. அங்க ஒரு போட்டோகூட எடுக்கலை. அது அவனுக்கு நான் செஞ்ச மரியாதை.

போட்டோ, அவன் பேச்சு எல்லாமே போனுக்குள்ள இருக்கற கார்டுலதான். செரி, எடமில்லைன்னா பெரிய கார்டா வாங்கிப் போட்டுரலாம்னு கெளம்புனேன். பழைய கார்டை அவ பட்டன் போனுக்குப் போட்டுட்டா, அண்ணன் பேச்சை அவளே அவ போனுல கேட்டுக்குவா, எனக்கும் தொந்தரவில்லை. அவளுக்காக நான் இவ்வளவு யோசிச்சிருக்கேன், அதை யாரும் சொல்ல மாட்டாங்க. வாசப்படி வரைக்கும் வந்தா. பட்டன் போனைக் கையில குடுத்துட்டு, 'அண்ணன் பேசுனது மட்டும் பத்திரமுங்க'ன்னா. 'ஏன், மத்ததெல்லாம் தெருவுல கெடக்குதா?'ன்னு கேட்டேன். 'எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க'ன்னா. பதினோராயிரம் போட்டோவுல அவளுக்கு ஒண்ணும் வேண்டாமாம். அதுல அவ ஒண்ணுலயும் இருக்க மாட்டா, அது வேற. என்ற செருப்பையும் பையையும் வெச்சுக்கிட்டுப் பின்னால நிக்கறதுக்கு ஆள் வேணுமில்லீங்க.

எங்கூரு பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்கால ஒரு செல்போன் கடை. கடை பேரு வேண்டாம், பொம்பளப் புள்ளை பொழப்புல மண்ணைப் போட்டேன்னு ஆவும். சுகந்தின்னு ஒரு புள்ளைதான் கடை வெச்சிருக்கறா. விவரமாத்தான் சொன்னேன். 'இந்த போனுல இருக்கறது நெறைஞ்சு போச்சு. இதுக்குப் பெரிய கார்டா போடு. பழசை இந்தப் பட்டன் போனுக்குப் போட்டுரு'ன்னேன். இதுல என்னங்க கொழப்பம்? பெருசு போட்டா சின்னதுல இருக்கறது பெருசுக்கு வந்துரும், பேச்சு மட்டும் சின்னதுல இருக்கும். கொழந்தைக்குக்கூடப் புரியும்.

அவ பழசைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு, 'இதுல இருக்கறதெல்லாம் எடுத்தாச்சுங்களா சார்?'னா.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. 'ஏம்மா, எடுக்காம? பதினோராயிரத்து இருநூறு! அத்தனையும் நானே எடுத்தது. ஒண்ணுகூட அடுத்தவன் எடுத்தது கெடையாது'ன்னேன்.

அவ சிரிச்சா. நான் என்ற தெறமையைப் பாத்துச் சிரிக்கறான்னு நெனைச்சேன். 'அப்ப ஃபார்மேட் போட்டுரட்டுங்களா?'ன்னா.

ஃபார்மேட்டு! முப்பத்தோரு வருசம் நான் போடாத ஃபார்மேட்டுங்களா? கலெக்டர் ஆபீஸ்ல இருந்து வரும், இந்த ஃபார்மேட்ல அனுப்புங்கன்னு. கட்டம் கட்டி, வரிசை எண் போட்டு, தேதி போட்டு, மேல தலைப்பு எழுதி, ஜில்லாவுலயே என்ற ஃபார்மேட்டுதான் சுத்தமா இருக்கும். அடடா, இந்தக் காலத்துப் புள்ளைக்கு இவ்வளவு ஒழுங்கான்னு மனசு குளுந்து போச்சு. 'தாராளமாப் போடும்மா. கோணல் மாணல் இல்லாம போடு'ன்னேன்.

'எல்லாம் சுத்தமாயிருங்க சார்'னா.

'அதான் வேணும்'னேன்.

இதுல என்ற தப்பு எங்க இருக்குதுங்க? நாப்பத்தி மூணு நாளா யோசிச்சுப் பாக்கறேன், ஒரு எழவும் தெரியலை. எடுத்தாச்சுங்களான்னா, போட்டோ எடுத்தாச்சுங்களான்னுதான் அர்த்தம். வேற எடத்துல எடுத்து வெச்சுட்டீங்களான்னு கேக்கறவ அப்படில்ல கேக்கோணும்? மறுநா கடைக்குப் போயி இதையேதான் கேட்டேன். 'நீங்கதானே சார் எடுத்தாச்சுன்னு சொன்னீங்க'ன்னு கண்ணுல தண்ணி வெச்சுக்கிட்டா. 'தமிழ் ஒழுங்கா படிச்சியா?'ன்னேன். எம்.ஏ. தமிழாம்! என்ன பண்றது சொல்லுங்க.

இன்னொண்ணு கேளுங்க. ஃபார்மேட் போட்டதோட விட்டாளா? 'ஆன்ட்டிக்குக் கொஞ்சம் பாட்டு ஏத்தித் தரட்டுங்களா சார்?'னா. ஏத்துன்னேன். பழைய கார்டுல அறுநூறு பாட்டு. நல்ல மனசுக்காரி. குழி தோண்டிப் பொதைச்சதோட விடாம மேல மரத்தையும் நட்டு வெச்சுட்டா.

ஊட்டுக்கு வந்து, 'இந்தா, இனி உன்ற போனுலயே கேட்டுக்க'ன்னு பெருசாக் குடுத்தேன். மணி நாலு இருக்கும். கையை முந்தானையில தொடைச்சுக்கிட்டு வந்து வாங்கி, முக்காலியில உக்காந்து, காதுகிட்ட வெச்சு அமுக்குனா. குத்துப்பாட்டு! டன் டனக்கா டன்னு. நான் சிரிச்சுட்டேனுங்க, நீங்களா இருந்தாலும் சிரிப்பீங்க. அடுத்ததை அமுக்குனா, பாட்டு. அதுக்கடுத்தது, பாட்டு. என்ற போனை எடுத்துப் பாக்கறேன், புதுக் கார்டு, தொடைச்சு வெச்சாப்பல ஒண்ணுமில்லாம கெடக்குது. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. பதினோராயிரமுங்க!

அவ மட்டும் நிறுத்தலை. ஒவ்வொரு பாட்டா அமுக்கி, ஆரம்பத்தைக் கேட்டுட்டு, அடுத்ததுக்குப் போறா. எங்கியாச்சும் ஒண்ணு மாட்டியிருக்கும்னு. அறுநூறும் பாத்தா. எட்டரை மணிக்கு எந்திரிச்சா. பசிக்குதுன்னேன். தோசை ஊத்திக் குடுத்தா.

ஒரு வார்த்தை திட்டலீங்க. திட்டியிருந்தா பதில் சொல்லியிருப்பேன், என்கிட்ட நல்ல நல்ல பதிலா இருந்துச்சு. கேள்வியே கேக்காதவ கிட்ட பதிலை வெச்சுக்கிட்டு என்னங்க பண்றது? காலையில பாலைக் காச்சி மூடி வெச்சுட்டு, அந்தக் கார்டைக் கழட்டிப் பக்கத்துல வெச்சுட்டு, பஸ் ஏறி அண்ணன் ஊட்டுக்குப் போயிட்டா. நான் கூப்புட்டா எடுக்க மாட்டேங்கறா. பாருங்க, இங்கயும் அந்த எடுக்கறதுதான் பிரச்சினை.

சோறு நானேதான் ஆக்கிக்கறேன். ஆக்கறதுன்னா, அரிசியைப் போட்டு மூடுனா அது வேகுது. இதுக்கா முப்பத்தி நாலு வருசமா அவ அடுப்படியில அவ்வளவு நேரம் நின்னான்னு தெரியலை.

கோயமுத்தூர்ல அழிஞ்சதை மீட்டுத் தர்ற கடை இருக்குதுன்னு சொன்னாங்க. பன்னெண்டு நாளைக்கு முன்னால குடுத்தேன், இன்னைக்கு வரச் சொன்னாங்க. அங்கிருந்துதான் வர்றேன். கண்ணாடி போட்ட ஒரு தம்பி. 'சார், ஒம்பதாயிரத்து நானூறு போட்டோ வந்துருச்சு'ன்னான். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. பாத்தா எல்லாம் இருக்குது. தாலியைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கறானே, அதுகூட இருக்குது. போகஸ்தான் இல்லை.

'பேச்சு?'ன்னு கேட்டேன். நான்தானுங்க கேட்டேன், அவன் சொல்லலை. 'ஆடியோ பதினேழுல பதினாறு வெறும் இரைச்சல் சார். பாட்டு மேல விழுந்துருச்சு. ஒண்ணுல மட்டும் ஆரம்பம் இருக்குது'ன்னு போட்டுக் காமிச்சான். 'அம்மிணி'ங்கறான் குழந்தைவேலு. அவ்வளவுதான். அடுத்த நொடி டன் டனக்கா டன். 'அந்தப் பாட்டைக் கொஞ்சம் நகத்தி வெக்க முடியாதா தம்பி?'ன்னேன். கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பாத்தான். நான் அந்த அம்மிணியை ஒரு ஏழெட்டு தடவை போட்டுக் கேட்டேன். சரக்கைச் சோதிச்சுத்தான வாங்கோணும்?

அங்கிருந்து வெளிய வந்து டீ குடிக்கறப்பத்தான் ஒரு ரோசனை வந்துச்சு. யாருகிட்டயும் சொல்லாதீங்க. அவன் பேசுனது பதினேழும் எனக்கு மனப்பாடமுங்க. நான் எங்க கேட்டேன்? டிவிதான் பாத்துக்கிட்டிருந்தேன். காதுல விழுந்தது அப்படியே ஒட்டிக்கிச்சு. அதை நானே பேசி ரெக்கார்டு பண்ணிட்டா?

பண்ணிட்டேனுங்க. பின்னால அவன் போர்வெல் வண்டி ஓடற சத்தம் வேணுமில்லீங்க? காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல கெளப்பி நிறுத்துன வண்டிக்குப் பின்னால நின்னு பேசுனேன். கொஞ்சம் கொரலைக் கனமாக்கிக்கிட்டு. போறவங்க வர்றவங்க எல்லாம் பாத்துக்கிட்டுப் போனாங்க, பாக்கட்டும். 'அம்மிணி, சாப்ட்டியா? இங்க ஒரே புழுதி, கண்ணைத் தொறக்க முடியலை.' இது ஒண்ணு. 'அம்மிணி, முட்டிவலி எப்படி இருக்குது? தைலம் வாங்கி வெச்சிருக்கேன், வர்றப்பக் கொண்டாறேன். கீழ உக்காந்து காய் அரியாத.' இது மூணாவது. பதினேழுல பதினொண்ணு முட்டிவலிதானுங்க. அவளுக்கு முட்டிவலின்னே எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும். ஒரே ஊட்டுல இருக்கறவன் கிட்டச் சொல்லாம, ஆயிரம் மைலுக்கு அக்கட்டால இருக்கறவனுக்கு போன் பண்ணிச் சொல்லியிருக்கறா பாருங்க. நியாயமுங்களா?

என்னங்க? அவளுக்குத் தெரிஞ்சுராதான்னா கேக்கறீங்க? எப்படித் தெரியும்? நான் அவகிட்ட இப்படியெல்லாம் பேசுனதே இல்லீங்களே, என்ற கொரல்னு எதை வெச்சுக் கண்டுபுடிப்பா?

பதினாறு முடிச்சுட்டேன். பதினேழாவதுதான் வல்லை. அது சின்னதுதான், அவன் சாவறதுக்கு நாலு நாளைக்கு முன்னால அனுப்புனது. 'அம்மிணி, மாப்ளையக் கோவிச்சுக்காத. அவருகிட்டச் சொல்லு, ஒருக்கா என்னையக் கூப்பிடச் சொல்லு. ஒரு வார்த்தை பேசோணும்.' அவ்வளவுதானுங்க. இதை ஆறு தடவை பேசிப் பாத்துட்டேன். கூப்பிடச் சொல்லுங்கற எடத்துல இருமல் வந்துருது. பஸ்ஸு பொகையாட்டம் இருக்குது. என்னையக் கூப்பிடச் சொல்லி நானே எப்படிங்க சொல்றது?

அன்னைக்கு அவ என்கிட்ட வந்து போட்டுக் காமிச்சா. 'ஒருக்காப் பேசிருங்க'ன்னா. பாக்கலாம்னேன். போட்டோவுக்குப் பேரு போட்டுக்கிட்டிருந்தேன். கூப்பிட்டிருக்கலாமுங்க. ரெண்டு நிமிசம் ஆயிருக்குமுங்களா?

அதா, எறங்கறவங்களை முன்னால வரச் சொல்றாரு. நம்பியூருதான். பதினாறு இருக்குது, போதுமுங்க. அவ என்ன எண்ணியா பாக்கப் போறா?

எண்ணுவாளுங்க. அவ எண்ணுவா.

ஏனுங்க, கண்டக்டர்கிட்ட டிக்கெட் கேட்டப்பவே பாத்தேன், உங்களுக்கு நல்ல கனத்த கொரல். அந்தப் பதினேழாவது, மூணு வரிதானுங்க. நான் சொன்னது ஞாபகம் இருக்குதுல்ல? வண்டிச் சத்தம் இருக்கறப்பவே பேசிருங்க. இதா, போனுல ரெக்கார்டு அமுக்கிட்டேன், ஓடுது. அம்மிணின்னு ஆரம்பிக்கோணும். நீங்க பேசுங்க, நான் வாயத் தொறக்காமக் கேட்டுக்கிட்டிருக்கறேன்.